ரெண்டாவது தடவ வந்த ஜீரோ

டேய் சரவணா,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடாததுக்கு காரணம் ஒரே ஒரு சிஸ்டம் கால்தான்டா, எஃப்சிங்க் (fsync), மெமரில இருக்கிற டேட்டாவ டிஸ்க்ல நெஜமாவே எழுதி முடின்னு ஆப்பரேட்டிங் சிஸ்டத்த கேக்குறது. அன்னிக்கு என் ஸ்டோரேஜ் கோட பார்த்துட்டு "ரிட்டர்ன் வேல்யூ எல்லாம் யாரு பார்ப்பா"ன்னு கேட்டு மானத்த வாங்குனியே, அதுக்கப்புறம் ஒண்ணு விடாம செக் போட்டேன். எஃப்சிங்க் மைனஸ் ஒண்ணு, அதாவது எரர், குடுத்தா ஒரு செகண்ட் தூங்கிட்டு மறுபடி கூப்பிடு, மூணு தடவ வரைக்கும். பெரிய பெருமை வேற.

போன வாரம் டெஸ்ட் மெஷின்ல டிஸ்க் மக்கர் பண்ணுச்சு. லாக்ல ரெண்டே வரி, எஃப்சிங்க் இஐஓ (EIO, டிஸ்க்ல படிக்க எழுத முடியலங்கிற எரர்), அடுத்த செகண்ட் எஃப்சிங்க் ஓகே. தப்பிச்சோம்னு இருந்தேன், டேட்டாவ படிச்சு பார்த்தாலும் எல்லாம் புதுசாத்தான் வந்துச்சு. ரீபூட் பண்ணேன், ரெண்டு பேஜ் முந்தின நாள் டேட்டாவோட உக்காந்திருக்கு, டேட்டா கெட்டிருக்கான்னு பாக்குற செக்சம் கூட சரியா இருக்கு ஏன்னா பழைய பேஜ் பழைய பேஜாவே முழுசா இருக்குல்ல!

என்னன்னா, டிஸ்க்ல எழுத முடியலன்னா லினக்ஸ் கெர்னல் அந்த டர்ட்டி பேஜ, அதாவது மெமரில மாறி இன்னும் டிஸ்க்குக்குப் போகாத துண்ட, க்ளீன்னு மார்க் பண்ணிட்டு எரர ஒரு தடவ சொல்லிரும், அவ்ளோதான். ரெண்டாவது தடவ கூப்பிடும்போது எழுத ஒண்ணுமே பாக்கி இல்ல, அதான் ஜீரோ, அதாவது ஓகே. ரீபூட்டுக்கு முன்னாடி படிச்சப்ப புதுசா வந்ததும் மெமரில இருந்த காப்பிதான். அந்த ஜீரோவ நம்பி என் கோட் செக்பாயின்ட் (எல்லாம் டிஸ்க்குக்குப் போயாச்சுங்கிற கட்டம்) முடிஞ்சுதுன்னு, மாத்தங்கள குறிச்சு வெச்ச ஜர்னலையும் அழிச்சிருச்சு, திருப்பி எடுக்க வழியே இல்ல.

2018ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரங்களே இதுல முழிச்சிருக்காங்கடா, அது தெரிஞ்சப்புறம்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு. 2019 பிப்ரவரில வந்த அவங்க 11.2 வெர்ஷன்ல எஃப்சிங்க் ஃபெயில் ஆனா ரீட்ரை கிடையாது, நேரா பேனிக், அதாவது டேட்டாபேஸே விழுந்துரும், எழுந்து வந்து கடைசி செக்பாயின்ட்ல இருந்து மாத்தங்கள குறிச்ச லாக திருப்பி ஓட்டிக்கும். நானும் அதையே போட்டுட்டேன். கூட வேல பாக்குறவன் "ஒரு எரருக்கு டேட்டாபேஸையே சாய்ப்பியா"ன்னு ரெண்டு நாளா சண்ட.

அதே வேகத்துல ஃபைல மூடுற க்ளோஸுக்கும் ரீட்ரை போட்டு வெச்சிருந்தேன், அதையும் தூக்கிட்டேன். சிக்னல் குறுக்க வந்து க்ளோஸ் எரர் குடுத்தாலும் லினக்ஸ்ல அந்த ஃபைல் நம்பர் ஏற்கனவே விடுபட்டிருக்கும், மறுபடி க்ளோஸ் பண்ணா வேற த்ரெட் அப்பத்தான் தொறந்த ஃபைல மூடி வெப்போம்.

சரி இப்ப என் முறை. உன் கோட்ல ரீநேம் பண்ணிட்டு டைரக்டரிக்கு எஃப்சிங்க் போடுறியா? போட்டா, அதோட ரிட்டர்ன் வேல்யூவ யாரு பார்க்கிறா?

குமார்