‘ஒண்ணா போடலாமா அண்ணா?’ – சென்னையில் வளர்ப்புக் கடல் மீன் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை உரிமையாளர்களுக்கும், வலையும் கவருமாக டேங்க் முன்னால் நிற்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

கொளத்தூரிலும் நகரின் மற்ற இடங்களிலும் வீட்டு டேங்க்கில் வளர்க்கும் மரைன் மீன், அதாவது கடல் மீன் விற்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் தொழில் லேசானதல்ல. உப்பு விலை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிற கரண்ட் பில், விமானத்தில் வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே செத்துக் கிடக்கும் மீன்கள் என்று, கோல்டுஃபிஷ் விற்பவருக்கு இல்லாத தலைவலிகள் உங்களுக்கு உண்டு. அதெல்லாம் தெரிந்துதான் ஒன்று கேட்கிறேன். சின்ன டேங்க் வைத்திருக்கும் ஒருவர் வந்து, “இதையும் அதையும் ஒண்ணா போடலாமா அண்ணா?” என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள். அவருக்கு ஆகாத உயிர் என்றால் விற்க மறுத்துவிடுங்கள்.

சின்ன டேங்க் என்று நான் சொல்வது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 127 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டபின் தண்ணீர் சுமார் 100 லிட்டர்தான் நிற்கும். புதிதாக மரைன் பக்கம் வருகிறவர்கள் பலர் இந்த அளவில்தான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் இடமும் கையில் பணமும் அவ்வளவுதான் அனுமதிக்கின்றன. இந்த 100 லிட்டரில் அழகான ஒரு ரீஃப், அதாவது பவளமும் மீனும் சேர்ந்த டேங்க், வைக்க முடியும். ஆனால் எதைச் சேர்க்கிறோம், எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பதில் தவறினால், பெரிய டேங்க் தாங்குகிற தவறைக்கூட இது தாங்காது.

சமீபத்தில் ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரு சிறுமியும் வந்தார்கள். இரண்டடி டேங்க், தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் என்று அப்பா சொன்னார். ஒரு ப்ளூ டாங், ஒரு கவ்ஃபிஷ், இரண்டு க்ளவுன் மீன், ஒரு அனிமோன் (பூப்போல விரிந்து கொட்டும் கடல் உயிர்), எல்லாம் ஒரே கையில் கவர் போட்டுக் கொடுக்கப்பட்டன. “ஒண்ணா இருக்குமா?” என்று அந்த அம்மா கேட்டார். “இருக்கும் மேடம், ஒண்ணும் ஆகாது” என்றது பதில். அந்தச் சிறுமி கவ்ஃபிஷ் கவரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

அந்தப் பதிலில் எத்தனை ஓட்டை என்று உங்களுக்கே தெரியும். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் ப்ளூ டாங் வளர்ந்தால் 30 செ.மீ. அது நாள் முழுக்க நீந்தி மேயும் மீன். ஆறடி டேங்க்கே அதற்குச் சுமார்தான். லாங்ஹார்ன் கவ்ஃபிஷ் அதைவிடப் பெரிதாகும். பயந்தாலோ செத்தாலோ அதன் தோலிலிருந்து நஞ்சு கசியும், 100 லிட்டரில் மற்ற மீன்களும் அதோடு போய்விடும். இரண்டு வாரத் தண்ணீரில் நைட்ரஜன் சைக்கிளே (மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா டேங்க்கில் குடியேறுவது) பல சமயம் முடிந்திருக்காது.

அனிமோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் க்ளவுன் வாங்குபவரிடம் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அனிமோனுக்கு நல்ல வெளிச்சமும், பல மாதம் ஓடி நிலைப்பட்ட டேங்க்கும் வேண்டும். இடம் பிடிக்கவில்லையென்றால் காலைக் கழற்றிக்கொண்டு நகரும். போகிற வழியில் இருக்கிற கோரலையெல்லாம் (பவளங்களை) கொட்டும். இரவில் மிதந்து போய், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் சிக்கினால் துண்டு துண்டாகிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் போல வெளுத்து, மஷ்ரூம் கோரல் எல்லாம் சுருங்கிப் போயிருக்கும். நம் மன்னார் வளைகுடாவில் சீபே க்ளவுன் குடியிருக்கும் கார்ப்பெட் அனிமோனோ, க்ளவுனைத் தவிர வேறு மீன் மேலே பட்டால் பிடித்துத் தின்றுவிடும். இத்தனைக்கும் பண்ணையில் பொரித்த க்ளவுனுக்கு அனிமோன் தேவையே இல்லை. அது ஒரு லெதர் கோரலையோ பம்ப் மூலையையோ வீடாக்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்.

க்ளவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் வளர்ந்து முதலில் ஆணாகின்றன; கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அதனால் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்துக் கொடுத்தால் ஜோடி சேரும். சம அளவில் இரண்டு பெரிய மீனைக் கொடுத்தால் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம், அப்படியானால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது. கவர் போடும்போது இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

டாம்செல் என்ற சின்ன முரட்டு மீன் விஷயம் இன்னும் வருத்தமானது. “முதல்ல ரெண்டு டாம்செல் போட்டு சைக்கிள் ஓட்டுங்க” என்று சொல்லி விலை மலிவான டோமினோவையும் மூன்று பட்டை டாம்செல்லையும் கொடுக்கிறார்கள். அமோனியாவில் அந்த மீனை வாட்டுவது ஒரு பக்கம். அது பிழைத்துவிட்டால், டேங்க் முழுவதும் அதன் பட்டா நிலம் ஆகிவிடுகிறது. பிறகு வருகிற சாதுவான மீனின் துடுப்பைக் கிழித்து, மூலையில் ஒடுக்கி, சாப்பிட விடாமல் கொன்றுவிடும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கல் அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும். சைக்கிள் ஓட்ட மீன் எதற்கு? துளி அமோனியாவும் பாட்டில் பாக்டீரியாவும் நீங்களே விற்கிறீர்கள்.

சாது முதலில், முரடு கடைசியில். இந்த ஒரு வரிசையைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிச் சண்டை குறையும். ஃபயர்ஃபிஷ் போன்ற பயந்த சுபாவக்காரர் முதலில் வந்து ஒரு பொந்தைப் பிடித்துக்கொள்ளட்டும், மேலே வலை மூடி இருந்தால் போதும், இல்லாவிட்டால் துள்ளித் தரையில் கிடக்கும். அடுத்து, அடியில் வாழும் சின்ன மீனான ஒரு கோபி. அதன்பின் க்ளவுன் ஜோடி. சிக்ஸ்லைன் ராஸ் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் அது கடைசி, அல்லது வேண்டவே வேண்டாம். 100 லிட்டருக்கு இவ்வளவு மீன் போதும். இதற்குமேல் கேட்கிறவரிடம் ‘போதும்’ என்று சொல்ல உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

கோபி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ச்மேன் கோபியையும் பிஸ்டல் இறாலையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலைத் தள்ளித் தள்ளி வளை தோண்டும். வாசலில் கோபி காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்யும். ஆபத்தென்றால் கோபி வாலை ஒரு உதறு உதறும், இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே. இரண்டடி டேங்க்கில் இதைப் பார்க்கக் கிடைக்கிறது. ஒரு குழந்தைக்கு ப்ளூ டாங்கைவிட இது பல மடங்கு பிடித்துப் போகும், மீனும் பல வருடம் இருக்கும்.

கொடுக்கக் கூடாத அழகுகளும் சில உண்டு. மாண்டரின் மீன் நாள் முழுக்கக் கல்லில் ஊரும் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். புது டேங்க்கில் சில வாரத்தில் அது தீர்ந்துவிடும், பிறகு கண்முன்னே மெலிந்து சாகும். க்ளீனர் ராஸ் மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நாலு மீன் உள்ள டேங்க்கில் அதற்குச் சாப்பாடு ஏது? அந்த வேலைக்கு ஒரு க்ளீனர் இறால் போதும், அது தீவனமும் சாப்பிடும். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தையே தின்பவை. பவுடர் ப்ளூ டாங் நம் இந்தியப் பெருங்கடல் மீன்தான், ஆனால் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அதைப்போல் இடம் கொடுக்கும் மீன் குறைவு. ரீஃப் டேங்க்கில் அந்த நோய் வந்துவிட்டால் காப்பர் மருந்து ஊற்ற முடியாது. இறால், நத்தை, கோரல் எல்லாம் அதில் செத்துவிடும். அதனால்தான் மீனை உங்கள் கடையிலேயே சில வாரம் தனி டேங்க்கில் வைத்து, தீவனம் எடுக்கிறதா என்று பார்த்து விற்கச் சொல்கிறேன். அதற்காகக் கூடுதல் விலை கேளுங்கள். தர ஆள் இருக்கிறது, நானும் தருவேன்.

கோரல் பக்கம் வருவோம். 2001-லேயே நம் நாட்டில் கடினப் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கருப்புப் பவளம், ஃபயர் கோரல், ஆர்கன் பைப், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே அப்போது அதில் சேர்ந்தவைதான். கடினப் பவளத்துக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வெளிநாட்டு வீடியோவில் டார்ச், ஹாமர் என்ற கடினப் பவளங்களைப் பார்த்துவிட்டு வருகிற பையனிடம், “ஏற்பாடு பண்றேன்” என்று சொல்லாதீர்கள். அவனையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள். கடலிலிருந்து உடைத்து வந்த ‘லைவ் ராக்’கும் பவளம்தான், அதற்குப் பதிலாகச் செராமிக் கல் இருக்கிறது, பாக்டீரியா அதிலும் குடியேறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. வெட்டு நின்றபின் பவளம் கடல் சூட்டில் வெளுக்கிறது. மீந்திருப்பதில் நம் டேங்க்குக்காக ஒரு துண்டுகூட வர வேண்டாம்.

அதனால் நம் டேங்க்குக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சின்ன டேங்க்குக்கு மென்பவளம்தான் எப்படியும் பொருத்தம். மஷ்ரூம் குறைந்த வெளிச்சத்தில் அடியில் இருக்கட்டும். ஆனால் எலிஃபன்ட் இயர் மஷ்ரூம் சாதாரணமானதல்ல, பை போலச் சுருங்கிச் சின்ன மீனைப் பிடித்துவிடும், அதைச் சொல்லிக் கொடுங்கள். சோவாந்திட் (சின்னப் பூக்கூட்டம் போலப் படரும் உயிர்) நடுவில். லெதர் மேலே, நல்ல நீரோட்டத்தில். லெதர் அவ்வப்போது நாள்கணக்கில் சுருங்கி, மெழுகுபோல ஒரு படலம் பூத்து, அதை உரித்துவிட்டுத் திரும்ப விரியும். இது தெரியாமல் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஜீனியாவையும் க்ரீன் ஸ்டார் பாலிப்பையும் தனிக் கல்லில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பிரதானக் கல்லில் ஒட்டினால் மற்றதையெல்லாம் மூடிப் படர்ந்துவிடும்.

கோரல்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும் அவற்றுக்குள் ஓயாத சண்டை நடக்கிறது. சில தொட்டுக் கொட்டும். லெதர் போன்றவை தண்ணீரில் ரசாயனம் கலந்து பக்கத்தில் இருப்பதை வளரவிடாமல் செய்யும். 100 லிட்டரில் அந்த ரசாயனம் போக இடமில்லை. விரியும்போது எவ்வளவு அகலம் வரும் என்று பார்த்து இடைவெளி விடவும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் போட்டு மாற்றிக்கொண்டே இருக்கவும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். புதுக் கோரலை டிப்பில் (பூச்சி நீக்கும் மருந்துத் தண்ணீரில்) முக்கி, கல்லின் அடியில் ஐப்டேசியா என்ற தொல்லை அனிமோன் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தபின் விடச் சொல்லுங்கள். சோவாந்திட் விற்கும்போது இன்னொன்று கட்டாயம்: அந்த இனத்தில் பாலித்தோவா போன்றவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து வெந்நீர் ஊற்றவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தக் கவர் போகிறது என்பது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

பண்ணை மீனை முன்னால் வையுங்கள் என்றும் கேட்கிறேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுனைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. நம் கடற்கரையிலேயே அந்த அறிவு இருக்கிறது. பாங்காய் கார்டினல் இந்தோனேசியாவில் ஒரு சிறிய தீவுக்கூட்டத்தைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழ்வது, பிடித்துப் பிடித்தே அருகிப்போனது; பண்ணையில் பொரித்தது கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

இதைப் படிக்கும்போது, “நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுவானே” என்று உங்களுக்குத் தோன்றும். சில சமயம் அப்படித்தான் நடக்கும். ஆனால் முதல் டேங்க் மொத்தமாகச் செத்தவர் பக்கத்துக் கடைக்கும் போவதில்லை. டேங்க்கையும் லைட்டையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு இந்தப் பக்கமே திரும்புவதில்லை. டேங்க் பிழைத்தவர்தான் மாதாமாதம் உப்புக்கும் தீவனத்துக்கும் கார்பனுக்கும் உங்களிடம் வருகிறார். “உங்க டேங்க்குக்கு இது வேண்டாம் சார்” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்த ஒரு கடைக்காரரிடம்தான் நான் வருடக்கணக்காக வாங்குகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய செலவல்ல. ஒவ்வொரு டேங்க் கண்ணாடியிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள். மீனின் பெயர், வளர்ந்தால் எத்தனை செ.மீ., குறைந்தது எத்தனை லிட்டர் வேண்டும், என்ன தின்னும், எதோடு சேராது, பண்ணையா கடலா, அவ்வளவுதான், தமிழில். கவர் போடும் முன் வாங்குபவரின் டேங்க் போட்டோவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் போனில் இருக்கும். சேராமல் போன மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், பாதி விலைக்கென்றாலும் சரி.

சீட்டுக்கான வாசகத்தை நாற்பது வகை உயிர்களுக்குத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கடைக்காரர் கேட்டாலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு நானே கொண்டுவந்து தருகிறேன். தவறு இருந்தால் திருத்திச் சொல்லுங்கள். தினமும் அந்த மீன்களோடு இருப்பவர்கள் நீங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்,
வட சென்னை