'ஒரு கட்டு' என்று எழுதாதீர்கள்: கொழும்பின் பழைய புத்தகக் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய நூல்களையும் சித்திரக்கதைகளையும் கொமிஷனுக்கு விற்றுத் தருவதாக ஏற்றுக்கொள்ளும் கொழும்புக் கடை உரிமையாளர்கள் அனைவருக்கும்,

அன்புடையீர்,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை ஆகிய இடங்களில் நீங்கள் நடத்திவரும் கடைகள் பலவற்றில் நான் நெடுங்காலமாகப் புத்தகம் வாங்கி வருகிறவன். வீட்டில் இடமும் உடம்பில் தெம்பும் குறைந்து வருவதால், சில காலமாக அதே கடைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பவனாகவும் மாறியிருக்கிறேன். நாங்கள் புத்தகத்தைத் தருவதும், நீங்கள் அதைக் கடையில் வைப்பதும், விற்றால் உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மிகுதியை எங்களுக்குத் தருவதும், விற்காவிட்டால் திருப்பித் தருவதுமான இந்த வழமையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்த வழமைக்கு எழுத்தில் ஒரு சான்றும் இருப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: எங்களிடமிருந்து புத்தகங்களைப் பொறுப்பேற்கும்போது, ஒவ்வொன்றின் பெயர், வெளியீட்டு இலக்கம், நிலைமை, குறைந்தபட்ச விலை ஆகியவற்றை எழுதி, ஒப்பமிட்ட சீட்டு ஒன்றைத் தயவுசெய்து தாருங்கள்.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் ஒருவருக்கு அது தெரியும், ஏனையோருக்கு அது தேவையில்லை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களை, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் இட்டு, விலையைத் துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வைத்து, அந்தக் கடையில் ஒப்படைத்திருந்தேன். மேசையில் இருந்த இளைஞர் சீ.ஆர். கொப்பியைத் திறந்து, திகதியையும் என் பெயரையும் எழுதி, அதற்கு நேரே "பழைய கொமிக்ஸ் - ஒரு கட்டு" என்று குறித்துக்கொண்டார். பட்டியலொன்றை எழுதித் தருமாறு கேட்டபோது, முதலாளி வந்த பிறகு எழுதலாம் என்றார். பிறகு அது எழுதப்படவேயில்லை.

அந்தப் புத்தகங்களுள் 1970களில் வெளிவந்த, இரும்புக்கை மாயாவி என்ற சித்திரக்கதை நாயகனின் இதழ் ஒன்று இருந்தது. அதன் உள்ளட்டையில் என் அக்கா தன் பெயரையும் வகுப்பையும் நீல மையினால் எழுதியிருந்தார். மேல் மூலையில் கிழிந்த இடத்துக்கு உட்புறமாக, அப்பியாசக் கொப்பியிலிருந்து வெட்டிய கோடு போட்ட தாளை மாப்பசை கொண்டு ஒட்டியிருந்தார். அந்தக் காலத்து ஒட்டு ஆகையால் அட்டைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. செலோடேப் ஒட்டியிருந்தால் இந்நேரம் அந்த இடம் மஞ்சளாகி, பழுப்பாகி, தாளோடு சேர்ந்து உதிர்ந்திருக்கும். அதற்கு நான் கேட்டிருந்த குறைந்தபட்ச விலை 8,000 ரூபா. பல மாதங்கள் கழித்துக் கணக்குக் கேட்கப் போனபோது ஒன்றும் விற்கவில்லை என்று சொல்லி, புத்தகங்களைத் திருப்பித் தந்தார்கள். உறைகள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பட்டி வெக்கையில் இளகி மேலட்டையில் ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தபோது மாயாவியோடு வேறு சில இதழ்களும் இல்லை.

அதன் பின்னர்தான், ரொறொன்ரோவில் வாழும் சேகரிப்பாளர் ஒருவர் முகநூலில் பகிர்ந்த படங்களை நண்பரொருவர் எனக்கு அனுப்பினார். விடுமுறையில் கொழும்புக்கு வந்தபோது கிடைத்த புதையல் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். படத்தில் உள்ளட்டை விரிந்திருந்தது. நீல மை, வகுப்பு, கோடு போட்ட தாள், எல்லாம் அப்படியே இருந்தன. அவரிடம் பணிவோடு விசாரித்தேன். எந்தக் கடையில் வாங்கினார் என்பதையும் 22,000 ரூபா கொடுத்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியவர் அவர். புத்தகத்தின் அருமை தெரிந்தவரிடம்தான் அது போயிருக்கிறது.

கடைக்குச் சென்று கேட்டபோது உரிமையாளர் கோபப்படவில்லை. நான்தான் படாதபாடுபட்டு அமைதியாக இருந்தேன். கொப்பியைத் திறந்து காட்டி, "ஐயா, ஒரு கட்டு எண்டுதானே கிடக்குது. கட்டு உங்களுக்குத் திருப்பித் தந்தாச்சு" என்றார். உள்ளட்டையின் படத்தைக் காட்டினேன். அது வேறு எங்கிருந்தாவது வந்ததாக இருக்கும் என்றார். என் அக்காவின் பெயரும் வகுப்பும் எழுதப்பட்ட இன்னொரு பிரதி கொழும்பில் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் போனது உண்மைதான். அதைவிட, என் பொருளை என்னுடையது என்று சொல்ல என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல், பொய் சொல்லுகிறவனைப் போல அந்த மேசைக்கு முன்னால் நின்றதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விற்கும்வரை பொருள் கொடுத்தவருக்கே உரியது என்பதுதான் இந்த வழமையின் அடிப்படை. ஆனால் கொடுத்தது எது என்பதற்கே எழுத்தில்லாதபோது உரிமையை எதைக் கொண்டு நிறுவுவது? பொருளை வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகரைப் பணிக்கிறது. அந்த ஏற்பாடு வாங்குகிறவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ரொறொன்ரோ நண்பர் கேட்டிருந்தால் அவருக்குச் சீட்டுக் கிடைத்திருக்கும். புத்தகத்தைப் பல தசாப்தங்களாகக் காப்பாற்றி வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது 'ஒரு கட்டு'.

உங்கள் பக்கத்து நியாயங்களை நான் அறியாதவன் அல்லன். காலி வீதியில் கடை வாடகை என்ன, மின்கட்டணம் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நூற்றுக்கு முப்பது கொமிஷன் கேட்பதை நான் ஒருபோதும் குறைக்கச் சொன்னதில்லை. வருகிறவர் போகிறவர் பார்வையில் படும்படி வைத்து, தெரியாத முகத்தோடு விலை பேசி விற்பதற்கு அது தகும். ஒவ்வொரு இதழாக எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்று சிலர் சொல்கிறீர்கள். செட்டியார் தெரு அடகுக் கடைகளில் அரைப் பவுண் மோதிரத்துக்குக்கூட நிறையையும் தரத்தையும் எழுதித்தான் சீட்டுத் தருகிறார்கள். அங்கும் வரிசை நீளம்தான். நேரம்தான் தடை என்றால், பட்டியலை நாங்களே இரண்டு பிரதிகளாக எழுதிக் கொண்டுவருகிறோம். நீங்கள் சரிபார்த்து ஒப்பமிட்டால் போதும். சீட்டு எங்களுக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. யாருடைய கையெழுத்தில் எழுதப்பட வேண்டும் என்பதல்ல.

நிலைமை என்று நான் மேலே குறிப்பிட்டதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்காவில் பழைய சித்திரக்கதைகளுக்கு 1970 முதல் விலை வழிகாட்டி நூல் வெளிவருகிறது, நிலைமையை 0.5 தொடக்கம் 10 வரை புள்ளியிட்டு அளவிடுகிறார்கள். அந்த அளவுக்கெல்லாம் நாங்கள் ஆசைப்படவில்லை. அட்டை முழுமையாக இருக்கிறதா, பக்கங்கள் எல்லாம் உள்ளனவா, ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று நான்கு சொற்கள் எழுதினால் போதும். மலிவான செய்தித்தாள் தாளில் உள்ள அமிலம் தானாகவே தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கிறது. கடற்காற்றின் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. கண்ணாடி அலுமாரியில் பின்னேர வெயில் படும்படி வைத்தால் அட்டையின் சிவப்பு வெளிறிப்போகிறது. கொடுத்தபோது இருந்த நிலை எழுத்தில் இருந்தால், திரும்பி வரும்போது எது காலத்தின் வேலை, எது கடையின் வேலை என்று நாம் சண்டையில்லாமல் பிரித்தறியலாம்.

விலைச் சீட்டைப் பற்றியும் ஒன்று. அட்டையின் மீது நேரடியாக விலை ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். மாயாவியின் முகத்திலேயே ஒட்டினால்தான் வாங்குகிறவர் விலையைக் காண்பார் என்று எந்த விற்பனை ஆலோசகர் உங்களுக்குச் சொன்னாரோ நான் அறியேன். அதைப் பிய்க்கும்போது மையும் சேர்ந்து வருகிறது.

இன்னும் சில கடைகளில் விலையிடும் முறை வியக்கத்தக்கது. அட்டையில் அச்சிட்டிருக்கும் இந்திய விலையை எடுத்து, இன்றைய நாணயமாற்று வீதத்தால் பெருக்கி, அதையே விலையாகக் குறித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கின்படி ஓர் அரிய இதழ் ஒரு கோப்பை பிளேன்ரீயின் விலைக்கும் வராது. அந்த விலைக்கு வாங்கிச் செல்பவர் அதே கடைக்குச் சொந்தக்காரரின் உறவினராக இருந்தால், பெருக்கல் கணக்கு அவ்வளவு பிழையானதும் அல்ல போலும். இதே கதை மறுபதிப்பாக வந்துவிட்டது, பழசை யார் வாங்குவார் என்று கேட்கிறவர்களும் உண்டு. மறுபதிப்பு கதையைத் தருகிறது. முதற்பதிப்பைத் தேடுகிறவர் அந்தக் காலத்துத் தாளையும் அச்சையும் தேடுகிறார். இந்த வேறுபாடு தெரியாதவர்கள் என்று உங்களைச் சொல்ல மாட்டேன். எங்களிடம் வாங்கும்போது மறந்துபோவதும், பிறருக்கு விற்கும்போது நினைவுக்கு வருவதும்தான் எனக்கு விளங்கவில்லை.

இந்த நாட்டில் இவை ஏன் அரியவையாயின என்பதை உங்களில் மூத்தவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடுகள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இதழ்கள், இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் வந்த உறவினரொருவரின் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வந்தவை. பின்னர் 1983 ஜூலையில் வீடுகளோடு எரிந்தவை எத்தனை, இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தவை எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எஞ்சியவற்றில் ஒரு பகுதி உங்கள் அலுமாரிகளிலும், ஒரு பகுதி எங்களைப் போன்றவர்களின் கட்டிலுக்குக் கீழேயும் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே இருப்பவை வெளியே வர வேண்டுமானால், கொடுப்பவருக்கு உங்கள்மீது நம்பிக்கை இருக்க வேண்டும். பொலித்தீன் பையோடு வந்துவிட்டு, கொப்பியில் 'ஒரு கட்டு' என்று எழுதப்படுவதைப் பார்த்ததும் ஏதோ சாட்டுச் சொல்லித் திரும்பிப் போகிறவர்கள் இப்போது என் நண்பர்களிலேயே உண்டு. அவர்களில் சிலர் பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். நிறை பார்த்தாவது உடனே காசு தருகிறாரே என்பது அவர்களின் வாதம்.

என் எழுத்தில் கடுமை கூடிவிட்டதை உணர்கிறேன். உங்களில் பலர் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள். ஒரு கடைக்காரர், விற்ற அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார், மறுநாளே பணத்தையும் எண்ணி வைக்கிறார். ஆனால் அவரும் சீட்டுத் தருவதில்லை. நாளை அவருடைய இடத்தில் மகனோ வேலையாளோ இருந்தால் அந்த நேர்மையை நான் எந்தக் கொப்பியில் தேடுவேன்?

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும் இலக்கமும் நிலைமையும், அதற்குக் கீழே விற்கக் கூடாத விலை, கொமிஷன் வீதம், எத்தனை மாதம் கடையில் வைத்திருப்பீர்கள் என்பது, விற்றால் எத்தனை நாளில் பணம் தருவீர்கள் என்பது, தொலைந்தாலோ பழுதானாலோ பொறுப்பு யாருடையது என்பது. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மாதிரிச் சீட்டொன்றை எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்; உங்களுக்கு ஒவ்வாத வரியை வெட்டி, வேறு எழுதிக்கொள்ளலாம்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடைபெறும்போது, அதையொட்டி உங்கள் கடைகளுக்கும் சேகரிப்பாளர்கள் வருவார்கள். அதற்கு முன்னதாக இந்த நடைமுறையைத் தொடங்குவீர்களாயின் உங்களுக்கும் வியாபாரம், எங்களுக்கும் நிம்மதி. என்னிடம் ராணி காமிக்ஸின் ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்த இதழ்கள் இன்னும் இருக்கின்றன. ஒப்பமிட்ட சீட்டுத் தருவதாக முதலில் அறிவிக்கும் கடைக்கு, முப்பது வீதக் கொமிஷனுக்கு, அவற்றைப் பட்டியலோடு கொண்டுவந்து தருகிறேன்.

மாயாவி இதழை விற்ற உரிமையாளருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: உங்கள் கொமிஷனைக் கழித்துக்கொண்டு மிகுதியை அனுப்பிவையுங்கள், என் தொலைபேசி இலக்கம் உங்கள் கொப்பியில், அந்த வரிக்கு நேரே இருக்கிறது.

இங்ஙனம்,
உங்கள் கடைகளின் நெடுநாள் வாடிக்கையாளன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06