எடை மெஷினோடு ஓர் இஞ்ச் டேப்பும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். உணவைப் பற்றி அதில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 'எடையைக் குறைப்பது எப்படி' என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. பக்கத்திலேயே '30 நாளில் 10 கிலோ' என்று ஒரு விளம்பரமும் இருக்கும். உணவுக்கும் நீண்டகால உடல்நலத்துக்கும் உள்ள உறவை எடை என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து அளப்பது சரியாகாது, அதிலும் நம்மவர்கள் விஷயத்தில் அது பலரை ஏமாற்றிவிடும் என்பதற்குச் சென்னையிலும் புனேயிலும் நடந்த ஆராய்ச்சிகளே சான்று. அவை நம் வாசகர்களிடம் போதிய அளவு வந்து சேரவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த ஓர் இலவச மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். என் உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.); எனக்கு அது 22.8. அட்டையில் 'நார்மல்' என்று எழுதி, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் மகிழ்ச்சியாகத் திரும்பினேன். எட்டு மாதம் கழித்துக் கண்புரை அறுவைக்காக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 168. அன்று மாலை தையல் மெஷின் டிராயரில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன்: 94 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை. கையும் காலும் ஒல்லியாக இருந்ததால், வேட்டிக்குள் இருந்த தொந்தியை நான் உட்பட யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இது என் ஒருவனுடைய விதிவிலக்கு அல்ல. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பின் அளவை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதமும் புனேக்காரருக்கு 21.2 சதவீதமும் இருந்தன. ஒரே எடைக்கு நம்மிடம் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. உண்ட மாவுச்சத்து சர்க்கரையாக மாறிப் போய்ச் சேர வேண்டிய பெரிய கிடங்கு தசைதான். அது சிறுத்திருந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் அதே 2004இல், ஆசிய மக்களுக்குக் குறியீட்டெண் 25 வரை காத்திராமல் 23லிருந்தே கவனம் தேவை என்று கூறியது. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது 72 கிலோவுக்கும் 66 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். (கணித ஆசிரியனாக இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை: இந்தச் சூத்திரத்துக்கு வித்திட்ட 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே, சராசரி மனிதனின் உருவ அளவைத் தேடினாரே தவிர, யாருடைய நோயையும் கண்டுபிடிக்க முயலவில்லை.)

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தனியாக எந்த ஏற்பாடும் இல்லை, ஒரு குழுவுக்கு உணவு மாற்றமும் தினமும் அரைமணி நேர விறுவிறு நடையும், ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை, மற்றொன்றுக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் பின்பற்றியவர்களில் அது 39 சதவீதமாகவும், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 சதவீதத்தை ஒட்டியும் நின்றது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. இவையெல்லாம் எப்போதாவது செய்திகளில் வருகின்றன. வராதது எதுவென்றால், உணவையும் நடையையும் கடைப்பிடித்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவே இல்லை என்பது. எடை மெஷினின் முள் நகராமலேயே நோய் தள்ளிப்போயிருக்கிறது.

இங்கே மகாமகக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு, "மூணு மாசமா நடக்கிறேன் சார், அரைக் கிலோ கூட இறங்கல" என்பதுதான். அதைச் சொன்னவரை அடுத்த வாரம் காண முடியாது. நடையால் பலன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, பலன் இல்லை என்று நம்பி அதை நிறுத்திவிடுகிறார். 'எடைக் குறைப்பு' என்ற தலைப்பிலேயே எல்லாவற்றையும் எழுதுவதால் விளையும் கேடு இதுதான் என்பது என் கருத்து.

தட்டுக்கு வருகிறேன். 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இந்தத் தொடர்பு மிக வலுவாகக் காணப்பட்டது தெற்காசியாவில்தான். 450 கிராம் சோறு என்றால் எவ்வளவு என்று பார்க்க, பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சிறு தராசில் என் மதியச் சோற்றை வைத்தேன். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுக்கொண்டது மட்டும் 480 கிராம். இரவுக்கான இட்லி இன்னும் மீதம் இருந்தது. சோற்றை அடியோடு விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ரசத்துக்கான சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ, கூடுதலாக ஒரு கரண்டி கீரைக்கூட்டோ வைப்பதற்கு விலையுயர்ந்த பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை.

எடையே பொருட்டல்ல என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். மிகுந்த உடற்பருமனும் நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு எடைக் குறைப்பே மருந்தாகலாம். பிரிட்டனில் 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான குறைகலோரி உணவை மேற்கொண்டவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவிலிருந்து மீண்டிருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46 என்பது 36 ஆகியிருந்தது. குறைத்த எடையைத் தக்கவைப்பதுதான் கடினமான பகுதி. 30 நாள் விளம்பரங்களில் அந்தப் பகுதி இடம்பெறுவதில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் நடத்துவோரும் இதைக் கவனிக்கலாம். சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறைக்கு ஒரு சொட்டு ரத்தம்கூடத் தேவையில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்குதான். மொத்தம் 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம் என்று பொருள். அந்த அட்டவணையைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக, வாசகர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். எனக்கு 'நார்மல்' என்று எழுதித் தந்த அந்த முகாமின்போது நான் 50 வயதைக் கடந்தவன், நடைப்பயிற்சி இல்லாதவன், என் தாயாருக்குச் சர்க்கரை இருந்தது. வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, தாயாருக்காக 10. அன்றே எனக்கு 80 வந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.