வெளிச்சம் வந்த பிறகு நடக்கலாம், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

நேரில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. கன்னங்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறேன். நீங்கள் தட்டு நிறைய மாம்பழம் நறுக்கி நீட்டியதும் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. நான் இங்கே எழுதுவதையெல்லாம் நீங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பதாக அண்ணன் சொன்னார். அதனால் இங்கேயே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் நான் உங்களைப் பார்த்துச் சொன்ன சொல்லை வீடு நிறைந்த உறவுக்காரர்கள் நடுவில்தான் சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் நாலு பேர் பார்க்க நடக்கட்டும்.

சேலத்தில் குகைப் பகுதியில் பெரியம்மா வீடு. ஆடித் திருவிழா. வண்டி வேடிக்கை பார்க்க எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். இளம்பிள்ளைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், நாலைந்து கடை ஏறி இறங்கி, உங்கள் சம்பளத்தில் நீங்களே எடுத்து வந்த புடவை. பழுத்த மாம்பழத்தின் மஞ்சள், அரக்கு நிறக் கரை. தலை நிறைய மல்லிகை. கடைசிப் படியில் நின்று முந்தானையைச் சரி செய்துகொண்டு எங்களைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன்: "இந்த நிறமா அண்ணி? உங்கள் உடம்புக்கு இது எடுக்காதே."

கூடத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பெரியம்மா மட்டும், "அவள் சொல்வதும் சரிதான்" என்றார். நீங்கள் சிரித்தபடியே மாடிக்குத் திரும்பிப் போனீர்கள். ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிறப் பருத்திப் புடவையில் வந்தீர்கள்.

அன்று இரவு தெருவில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. தெய்வ வேடமிட்டவர்கள் சிவப்பிலும் பச்சையிலும் தங்க நிறத்திலும் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தார்கள். ஊரே ஆரவாரம் செய்தது. நீங்கள் கூட்டத்தின் பின்வரிசையில், சுவரை ஒட்டி நின்றீர்கள். அந்தக் காட்சி எனக்குப் பல ஆண்டுகள் நினைவுக்கே வரவில்லை. இப்போது அடிக்கடி வருகிறது. மாம்பழத்துக்குப் பேர் போன ஊரில் பிறந்து வளர்ந்தவள், மாம்பழ நிறம் ஒரு பெண்ணுக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். எனக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தார்கள்? நாத்தனார் என்ற உறவு கொடுத்தது. நம் வீடுகளில் மருமகளாக வந்தவளின் உடம்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்ற பழக்கம் கொடுத்தது. மன்னித்துவிடுங்கள், அண்ணி. அந்தப் புடவையை அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் ரயிலில் வந்து இறங்கி, ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் வந்தேனே, நினைவிருக்கிறதா? மணி ஐந்துகூட ஆகவில்லை. மூக்கனேரிப் பக்கம் தெரு விளக்கின் கீழே ஓர் உருவம் வேகமாக நடந்து போனது. அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை, அதன் மேல் சால்வை, காலில் ரப்பர் செருப்பு. ஆட்டோவை நிறுத்தி நான் கூப்பிட்டதும், திருடும்போது அகப்பட்டவர்போலச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். தீபாவளி முடிந்ததிலிருந்து தினமும் நடப்பதாகச் சொன்னீர்கள். ஏன் இந்த இருட்டில், நாய்கள் வேறு இருக்கின்றனவே என்று கேட்டேன். "இன்னும் பத்து கிலோ குறையட்டும். அப்புறம் வெளிச்சத்தில் நடக்கிறேன்" என்றீர்கள்.

அந்தப் பதிலோடுதான் இந்த ஐந்து மாதமாக மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கிலோவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எடை இயந்திரம் காட்டும் எண் உங்களுடையது, அதை இங்கே எழுத மாட்டேன். ஏழு மாதம் நடந்தும் இரண்டு கிலோதான் இறங்கியிருக்கிறது என்று போன வாரம் சலித்துக்கொண்டீர்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு முக்கால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். 270 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. நீங்கள் அந்த மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வேலை பார்க்கும் சங்கத்தில் எத்தனையோ பேருடைய கணக்கை வரி வரியாகச் சரி பார்க்கும் நீங்கள், உங்கள் கணக்கில் மட்டும் வரவை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நடக்கும்போது தொடைத் தசைகள் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் இது நடக்கும். இரத்த அழுத்தம் தணிவதற்கும் இரவில் தூக்கம் வருவதற்கும்கூட எடை இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஏற்காட்டுக்குப் போனோமே, அதைச் சொல்ல வேண்டும். கோடை விழாக் கூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துதான் போயின. ஏரிப் பக்கம் நிற்க இடமில்லாமல், கிளியூர் அருவிக்குப் போகலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகம். தண்ணீர் என்னவோ நூலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி ஏறும்போதுதான் அந்தப் படிகளின் செங்குத்து தெரிந்தது. உங்களைவிட ஒன்பது வயது இளையவள் நான், எடையும் குறைவு. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் பாறையில் சாய்ந்து நின்றுவிட்டார். நீங்கள் என் மகளின் பையை ஒரு தோளிலும் தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்த கூடையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, அவளோடு கதை பேசியபடியே ஏறினீர்கள். மேலே போய் நின்று, "மெதுவாக வாருங்கள், அவசரமில்லை" என்று எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். அந்தக் குரலில் மூச்சிரைப்பே இல்லை. அத்தனை பேரிலும் நல்ல உடல் தகுதியோடு இருந்தவர் நீங்கள்தான். அன்றும் புகைப்படம் எடுக்கும்போது எங்கள் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

நடையோடு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவான வேலை கொடுக்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதோடு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையத் தொடங்குகிறது. பாரம் தாங்கும் பயிற்சிதான் எலும்பை விழிப்போடு வைத்திருக்கும். ஜிம்முக்குப் போக விருப்பமிருந்தால் போங்கள். இல்லையென்றால் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரம்பிய பாட்டில்களைத் தலைக்கு மேலே தூக்குவது என்று வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அப்படியே ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாலையில் வரும் அசதியைச் சோம்பல் என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி உடை. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு நல்ல ஷூ வாங்குங்கள். பஞ்சு போன்ற அடி இருந்தால் மட்டும் போதாது, குதிகாலை அசையாமல் பிடிக்க வேண்டும். மாலையில் கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் போய் அளவு பாருங்கள். அடுத்ததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சட்டைக்கு மேல் சால்வை எதற்கு என்று எனக்குத் தெரியும் அண்ணி, நானும் பெண்தானே. மார்பகத்துக்குள் தாங்கிப் பிடிக்கத் தசை கிடையாது, தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் பிடித்திருக்கின்றன. வேகமாக நடந்தால் வலிப்பது இயல்பு. 1977இல் அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் இடுப்புக்குக் கீழே அணியும் கச்சை இரண்டை வாங்கி ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் பிரா அப்படித்தான் பிறந்தது. அதுவரை ஓடும் பெண்ணின் வலியைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அளவுக்குச் சரியாக ஒன்று வாங்கிக்கொண்டால் அந்தச் சால்வைக்கு வேலை இருக்காது.

அதற்காக உங்களை இறுக்கமான உடைக்குள் தள்ளப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காந்தி மைதானத்தில் காலையில் போய்ப் பாருங்கள், புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஷூ போட்டு நடக்கும் அம்மாக்கள் எத்தனை பேர். 2021இல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள் அணி, சிறிய பிகினியை மறுத்து அரைக்கால் சட்டை போட்டு ஆடியதற்கு 1,500 யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. பிறகு விதியே மாறியது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் வந்தார்கள். ஓரிடத்தில் மூடினால் தண்டனை, இன்னோரிடத்தில் மூடாவிட்டால் ஏச்சு. நம் தெற்கில், அன்றைய திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக எத்தனை ஆண்டு அடி வாங்கினார்கள். 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. அங்கேயும் தன் உடம்பில் என்ன துணி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அண்ணனின் அந்தச் சட்டையைப் பிடித்துப் போடுகிறீர்களா, ஒளிந்துகொள்வதற்காகப் போடுகிறீர்களா? பிடித்துப் போட்டால் தாராளமாகப் போடுங்கள். காற்றோட்டமான சட்டைதான். ஒளிந்துகொள்ள என்றால், யாரிடமிருந்து என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஆளாக நான்தான் வந்து நிற்பேன் என்று பயமாக இருக்கிறது.

என் மகளுக்காகவும் இதை எழுதுகிறேன். அவளுக்குப் பதினொரு வயது. போன மாதம் கண்ணாடி முன் நின்று, "என் தொடை அத்தையின் தொடைபோல ஆகிவிடுமா?" என்று கேட்டாள். அவளுடைய சின்ன அத்தையைச் சொன்னாள். எங்கள் பேச்சிலிருந்துதான் அவள் அந்த அளவுகோலை எடுத்திருக்கிறாள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ஏற்காட்டிலிருந்து திரும்பிய இரவு அவளே வந்து, "மாமியைப்போல எனக்கும் கால் பலமாக வேண்டும்" என்றாள். கிளியூர்ப் படியில் உங்கள் பின்னால் ஏறியவள் அவள்.

போன வாரம் அம்மாப்பேட்டையில் என் சுடிதாரைத் தைக்கக் கொடுத்தேன். பாக்கெட் வைக்கச் சொன்னேன், தையல்காரர் மறு பேச்சில்லாமல் குறித்துக்கொண்டார். (நாற்பது வருடமாக நாம் கேட்டதே இல்லை. சாவியையும் செல்போனையும் கையில் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம். உங்களுக்கும் ஒன்று தைக்கச் சொல்லட்டுமா?) பக்கத்தில் ஓர் அம்மா பழைய ரவிக்கையைக் கொடுத்து, சின்னதாகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தையல்காரர் ரவிக்கையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது. "பிரித்துவிடத்தானே அம்மா விட்டுத் தைத்திருக்கிறது" என்றார். உடம்பு மாறும் என்பதைத் தைக்கும்போதே கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் காலத்திலிருந்து இப்படித்தான் தைக்கிறார்கள். நானும் நூறு முறை பார்த்திருக்கிறேன், அன்றுதான் உங்கள் நினைவு வந்தது.

மஞ்சள் புடவை பீரோவின் மேல் தட்டில், வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்தபடியே இருப்பதாக அண்ணன் சொன்னார். நீங்கள் வருடத்துக்கு ஒரு முறை வெயிலில் காட்டி, மடிப்பு மாற்றி, மறுபடியும் உள்ளே வைக்கிறீர்களாம். அந்தப் புடவை வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றிவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு எடுக்கலாம். அதைப் பத்து கிலோவுக்காக மட்டும் காக்க வைக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை ஆறே முக்காலுக்கு, நன்றாக விடிந்த பிறகு, மூக்கனேரிப் பக்கம் நிற்பேன். என் மகளும் வருகிறாள். உங்கள் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியாது, கொஞ்சம் பொறுத்து நடங்கள். வரும்போது அந்தப் புடவையின் ரவிக்கையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று நீங்களே தையல்காரரிடம் சொல்லுங்கள், நான் கூடவே நிற்கிறேன்.

உங்கள் நாத்தனார்