சார்ல்ஸ்டன் வீடுகளை ஆராயப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் ஆய்வுத் திட்டத்தின் வரைவை நிதானமாகப் படித்து முடித்தேன். முதுகலை ஆய்வுக்கு அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனை நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நானும் அதே படிப்புக்காக அந்த ஊரின் தெருக்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் அலைந்தவள். அதனால் சுருக்கமாக எழுதக் கை வராது, பொறுத்துக்கொள்.

‘சிங்கிள் ஹவுஸ்’ பற்றிய உன் விவரிப்பு நன்றாக வந்திருக்கிறது. தெருப் பக்கம் ஓர் அறை அகலம்தான், பிறகு மனைக்குள் நீளமாக ஓடும் வீடு. தெருக்கதவைத் திறந்தால் அறைக்குள் நுழைய மாட்டோம், ‘பியாஸா’ என்று அவர்கள் சொல்லும் நீண்ட தாழ்வாரத்தில் போய் நிற்போம். காற்றும் நிழலும் வேண்டி அதைத் தெற்கிலோ மேற்கிலோ வைப்பார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்த சுவரில் சன்னல்கள் குறைவு. இதெல்லாம் சரி. ஆனால் தெருமுகப்பின் அகலத்துக்கு வரி போட்டதால்தான் வீடுகள் ஒடுங்கின என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியை எடுத்துவிடு. குதிரை வண்டியில் ஊர் சுற்றிக் காட்டுபவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய கதை அது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

எனக்கு உள்ள பெரிய குறை வேறு. உன் வரைபடங்கள் எல்லாமே வீட்டின் பின்சுவரோடு நின்றுவிடுகின்றன. மனை அங்கே முடியவில்லை, தம்பி. பின்னால் சமையல் கட்டடம், சலவைக்கூடம், லாயம், கழிப்பிடம் எல்லாம் வரிசையாக இருந்தன. அடுப்புக்கு மேல் மாடியில், லாயத்துக்கு மேல் மாடியில் அடிமைகளாக வைக்கப்பட்ட மனிதர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு அந்த வீடு எப்படி இயங்கியது என்று விளக்கவே முடியாது. சமைத்தது, தண்ணீர் சுமந்தது, குழந்தைகளை வளர்த்தது, பல இடங்களில் அந்த வீட்டையே கட்டியது அவர்கள்தான்.

எலிசபெத் தெருவில் இருக்கும் எய்கன்-ரெட் இல்லத்துக்கு முதல் வேலையாகப் போ. 1820-இல் ஜான் ராபின்சன் என்ற வணிகர் கட்டியது. பிறகு மாநில ஆளுநராக இருந்த வில்லியம் எய்கன் என்ற நெல் பண்ணையார் அதைப் பெரிதாக்கினார். 1995-இல் வாங்கிய ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் என்ற பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பு அதைப் புதுப்பிக்காமல், கைக்கு வந்த நிலையிலேயே காத்து வருகிறது. முன்கூடத்தில் கிழிந்து தொங்கும் சுவர்த்தாளைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போய், சமையல் கட்டடத்தின் மாடியில் ஏறு. சிறிய அறைகள், அவற்றில் கணப்பு அடுப்புகள், சுவரில் பழைய வண்ணப் பூச்சின் மிச்சம். பெரிய வீட்டின் பின்சன்னலில் நின்றால் முற்றம் முழுவதும் கண்ணில் படும். சுற்றிலும் உயரமான மதில். யார் யாரைப் பார்க்க முடிந்தது என்று ஒரு வரைபடம் போடு. எத்தனையோ பக்கங்கள் எழுதிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு படம் புரியவைத்துவிடும்.

அப்புறம் செங்கல்லைப் பார். சார்ல்ஸ்டனின் செங்கற்களில் பெரும்பகுதி கூப்பர், வாண்டோ ஆற்றங்கரைப் பண்ணைகளின் சூளைகளில் அடிமைத் தொழிலாளர்கள் அறுத்துச் சுட்டவை. ஈரமாக இருந்தபோது எடுத்து வைத்த விரல்களின் தடம் சிலவற்றில் அப்படியே பதிந்திருக்கிறது. சில தடங்கள் மிகச் சிறியவை, குழந்தைகளின் விரல்கள். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தேடு, அப்போதுதான் குழிவு தெரியும். எந்தச் சுவரில், எந்த வரிசையில் என்று ஒவ்வொன்றையும் குறித்து வை. அந்த மனிதர்கள் அந்தச் சுவரில் விட்டுப்போன நேரடிச் சான்று அது.

கட்டியவர்களின் பெயர்களைத் தேடுவது கடினம். 1850, 1860 சென்சஸின் அடிமைப் பட்டியல்களில் வயதும் பாலினமும் நிறமும்தான் இருக்கும், பெயர் இருக்காது. உரிமையாளர் இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியலைத் தேடு. நாற்காலிக்கும் வெள்ளிக் கரண்டிக்கும் நடுவே மனிதர்களின் பெயர்கள், எதிரே டாலரில் விலை. அதைப் படிக்கும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதே, முடியாது. சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் செப்பு வில்லைகளையும் பார்க்கலாம். அடிமைகளை வெளியாருக்குக் கூலிக்கு அனுப்ப நகராட்சி ஆண்டுதோறும் விற்ற உரிமச் சீட்டுகள் அவை. தொழில், எண், ஆண்டு மட்டும் பொறித்திருக்கும். பெயர் அதிலும் இல்லை.

உன் வரைவில் இரும்பு வேலைப்பாட்டுக்கு ஒரு வாக்கியம்தான் ஒதுக்கியிருக்கிறாய். அதற்கு ஓர் அத்தியாயமே தரலாம். டென்மார்க் வெசி என்ற தச்சர் 1799-இல் லாட்டரியில் 1,500 டாலர் வென்று, அதில் 600 கொடுத்துத் தன் விடுதலையை வாங்கியவர். 1822-இல் அவர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி, அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பயத்தில் கிங் தெருவின் மைல்ஸ் ப்ரூட்டன் இல்லத்து வேலியின் மேல் ஏற்றிய கூரான இரும்பு முட்கள் இன்றும் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அதே ஊரில் இருபதாம் நூற்றாண்டில் பிலிப் சிமன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர் பட்டறை நடத்தினார். 1912-இல் பிறந்தவர். ஊரெங்கும் நாம் பார்த்து மயங்கும் வாயில் கதவுகளில் நூற்றுக்கணக்கானவை அவர் கைப்பட்டவை. கிழக்கு பே தெருவில் கிறிஸ்டோபர் கேட்ஸ்டன் இல்லத்தின் வாயிலில் அவர் வடித்த பாம்பின் முன்னால் கொஞ்ச நேரம் நில். பயத்துக்காக அடித்த இரும்பையும் அழகுக்காக அடித்த இரும்பையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கமும் அதன் பின் சுவர்களில் செருகிய இரும்புக் கம்பிகளும் பற்றி நீ எழுதியது போதும். அங்கே கை வைக்க வேண்டாம்.

‘நகரத்தின் அடையாளம்’ என்ற கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். அந்த அடையாளம் தானாக வளர்ந்து வந்ததுபோல எழுதியிருக்கிறாய். அதைத் தீர்மானித்து உருவாக்கினார்கள். சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் 1920-இல் பழைய வீடுகளைக் காக்கச் சங்கம் தொடங்கினார். 1931-இல் வரலாற்று வட்டாரத்துக்கென நகராட்சி ஒரு மண்டலச் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். அந்த முயற்சி இல்லையென்றால் இன்று நாம் ஆராய எதுவும் மிஞ்சியிருக்காது, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அப்போது அந்தச் சிதைந்த வீடுகளில் வாடகைக்கு இருந்த கறுப்பினக் குடும்பங்கள் எங்கே போயின? ட்ராட் தெருவில் வீடுகள் சீரானபோது அவர்கள் வெளியேற நேர்ந்தது. 1959-க்குப் பின் அன்சன்பரோ வட்டாரத்திலும் அதுவே நடந்தது. வீடு பிழைத்தது, குடியிருந்தவர்கள் போனார்கள். பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யப் போகிற நீயும் நானும் இதை நேராகப் பேசியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2015-இல் கறுப்பினத்தவரின் எமானுவேல் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்ற பிறகுதான் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை வேகமாக மாறத் தொடங்கியது. 2018-இல் நகர மன்றம் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டது. 2023-இல் கேட்ஸ்டன் கப்பல்துறை இருந்த இடத்தில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தது. ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக இறக்கிய மண் அது என்பதால் கட்டடத்தைத் தரையில் அமர்த்தாமல், தூண்களின் மேல் 13 அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். உன் ஆய்வு சிங்கிள் ஹவுஸில் தொடங்கினால் இந்தக் கட்டடம்வரை வர வேண்டும்.

முறை பற்றி ஒரே ஒரு யோசனை. தீக் காப்பீட்டுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்து வரைந்த சான்போர்ன் வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். 1888 தாளை எடுத்து, ஏதாவது ஒரு தெருவில் பின்மனைக் கட்டடங்களை எல்லாம் குறி. பிறகு 1902 தாளையும், அடுத்து இன்றைய நிலையையும் வைத்துப் பார். எது இடிந்தது, எது கார் கொட்டகை ஆனது, எது இப்போது விருந்தினர் தங்கும் ‘அழகிய குடில்’ ஆகி வாடகைக்குப் போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு தெரு போதும், முழு ஊரையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

கறுப்பின வரலாற்று ஆவணங்களைக் காக்கும் ஏவரி ஆய்வு மையத்துக்கு இப்போதே கடிதம் எழுதி நேரம் கேள். 1865-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியின் கட்டடத்தில்தான் அது இருக்கிறது. எந்தத் தெருவை எடுக்கிறாய் என்று முடிவானதும் எனக்கு எழுது. அந்தப் பகுதியின் பழைய அளவை வரைபடங்கள் என்னிடம் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா