சீனாவில் நிலம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1978-இல் சீனத் தலைவர் டெங் சியோபிங் கம்யூனிசத்தைக் கைவிட்டுச் சந்தைக்கு மாறினார் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்தில் விடைத்தாளில் இந்த வரியைக் கண்டால், பக்கத்தில் 'நிலம்?' என்று சிவப்பு மையில் எழுதிவைப்பேன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1978 கடைசியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி, கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதாக ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். யாராவது சிறைக்குப் போக நேர்ந்தால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் எழுதினார்கள். அத்தனை பயம், ஆனால் பசி அதைவிடப் பெரிது. விவசாயத்தைக் கூட்டாக்கித் தொழிலை அவசரமாக வளர்க்க மாவோ நடத்திய 'மாபெரும் பாய்ச்சல்' காலத்துப் பஞ்சத்தைப் பார்த்த ஊர் அது. அதே குளிர்காலத்தில் பெய்ஜிங்கில் கூடிய கட்சியின் மத்தியக் குழு, சீர்திருத்தத்தின் தொடக்கம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அந்தக் கூட்டம்தான், தன் வேளாண்மை வரைவில் இப்படிப் பிரிப்பது கூடாது என்றே சொன்னது! கட்சியின் மாகாணச் செயலாளர் வான் லி அரவணைத்ததால் விவசாயிகள் பிழைத்தார்கள். டெங்கின் ஆதரவு 1980-இல்தான் வெளிப்படையாக வந்தது. 1984 முடிவதற்குள், கிராம நிலத்தையும் உழைப்பையும் பொதுவில் நிர்வகித்த கம்யூன்கள் அநேகமாகக் காணாமல் போயின.

சரி, நிலம் விவசாயிக்குச் சொந்தமாகிவிட்டதா? இல்லை. கிடைத்தது உழுதுகொள்ளும் உரிமை மட்டும். முதலில் 15 ஆண்டு, பிறகு 30. நகர நிலம் அரசுக்கு, கிராம நிலம் கூட்டு உடைமை என்று 1982 அரசியலமைப்பு எழுதியது இன்றுவரை மாறவில்லை. 1987-இல் ஷென்சென் நகரம் ஒரு மனையின் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டது. அப்போது அரசியலமைப்பு அதற்கு இடம் தரவில்லை. உடைமையைத் தொடாமல், பயன்பாட்டு உரிமையை மட்டும் கைமாற்றலாம் என்று அடுத்த ஆண்டே திருத்திக்கொண்டார்கள்.

கதையின் கசப்பான பகுதி 1994-க்குப் பிறகு. அந்த ஆண்டின் வரிப் பங்கீட்டில் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போயிற்று, செலவோ உள்ளாட்சிகளின் தலையில். அவர்கள் கிராம நிலத்தை விளைச்சல் மதிப்பைக் கணக்கிட்டுச் சொற்ப இழப்பீட்டில் எடுத்து, அரசு நிலமாக்கி, உரிமையைக் கட்டுமான நிறுவனங்களுக்குப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். நாம் படத்தில் பார்த்து வியக்கும் அடுக்குமாடிகளில் எத்தனையோ இப்படி எழுந்தவை. 2021-இல் எவர்கிராண்டே என்ற பெரிய கட்டுமான நிறுவனம் கடனில் தத்தளித்தபோது உள்ளாட்சிகளின் வருமானமும் சேர்ந்து ஆட்டம் கண்டதற்குக் காரணம் இதுதான்.

என் மைத்துனர் பழைய இடதுசாரி. தொழிலதிபர்களைக் கட்சியில் சேர்த்த முன்னாள் அதிபர் ஜியாங் ஜெமினோடு சீனாவில் கம்யூனிசம் முடிந்தது என்பார். 'அத்தனை நிலத்தையும் கையில் வைத்திருக்கும் முதலாளித்துவ அரசு எது, மாமா?' என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்குப் பிடித்த 'உழுபவனுக்கே நிலம்' முழக்கத்தை 1950-இல் சட்டமாக்கி நிலத்தைப் பகிர்ந்தளித்த கட்சியே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கூட்டுப் பண்ணைகளுக்காக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்புறம் உரிமையாளர் என்ற இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஷாங்காய் வானளாவிகளின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, நிலம் பறிபோன விவசாயிகளுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியை ஒருவர்