விலாங்குக்கும் ஒரு வழி வேண்டும்

ஐயா,

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஆனால் அது பிறப்பது கடலில், வளர்வது ஆற்றில் என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரியில் பிறக்கும் பவானிக்குக் கடலிலிருந்து ஒரு விலாங்குக் குட்டி வர வேண்டுமானால் முக்கொம்பு, காலிங்கராயன், கொடிவேரி என்று ஒவ்வொரு அணையாகத் தாண்ட வேண்டும். அப்புறம் பவானிசாகர், 105 அடி வரை நீர் தேக்கும் அணை!

அணையைத் தாண்டி மீன் ஏற அமைக்கும் மீன்வழி என்றாலே படிப்படியாகத் தொட்டி கட்டுகிறார்கள். அது துள்ளும் மீனுக்குச் சரி. விலாங்கு துள்ளாது, ஊரும். விரல் நீளக் குட்டிக்குத் தேவை ஒரு சாய்வான தொட்டி. அடியில் தென்னந்துடைப்பத்தைக் கவிழ்த்து நட்டது போல நெருக்கமாக நைலான் குச்சங்கள். மேலிருந்து கசியும் கொஞ்சம் தண்ணீர். ஈரம் காயாமல் இருந்தால் போதும், இரவில் குச்சங்களுக்கிடையே நெளிந்து நெளிந்து ஏறிவிடும். தொட்டியின் வாய் அணைச் சுவரை ஒட்டி, குட்டிகள் வந்து முட்டும் ஓரத்தில் இருக்க வேண்டும். நட்டாற்றில் வைத்தால் காசுதான் வீண்.

கொடிவேரி போன்ற தாழ்ந்த அணைகளுக்கு இது பெரிய செலவே இல்லை. பவானிசாகருக்கு நியூசிலாந்துக்காரர்கள் வழிதான் சரி: அணையடியில் குட்டிகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி மேலே விடுகிறார்கள். வளர்ந்த விலாங்கு முட்டையிடக் கடலுக்குத் திரும்பும்போது டர்பைனில் சிக்காமலிருக்க நெருக்கமான கம்பி வலையும் வேண்டும்.

அணைகளைப் பழுதுபார்க்கும்போதே நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து கொடிவேரியில் முதலில் ஒன்றை வைத்துப் பார்க்கலாமே?

- ஒரு வாசகர், கோத்தகிரி